மத்தியானத்துக்கு என்ன வேண்டும்

தனியாக ஒரு மலைக்குப் போய் வார இறுதியைக் கழித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லும் துணிச்சல் வர எனக்குப் பல மாதங்கள் ஆயின. சொன்னபோது யாரும் தடுக்கவில்லை. "தாராளமா போயிட்டு வா. மாவு மட்டும் அரைச்சு வச்சிடு," என்றார் கணவர். மாவு அரைத்து, குழம்பு வைத்து டப்பாக்களில் அடைத்து, மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்து, பிள்ளைகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு முடித்தபோது, மலை ஏறி இறங்கிய களைப்பு கொரட்டூரிலேயே வந்துவிட்டது.

போன இடம் ஜவ்வாது மலையில் ஓர் ஓட்டு வீட்டு விடுதி. முற்றத்தில் பலா மரம், சுற்றிலும் கம்பி வேலி, பின்னால் உச்சிப் பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. 'இங்கு செல்போன் எடுக்காது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். உச்சிப் பாறையில் ஒரு பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும், யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது. நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

விடுதியை ஒரு தம்பதி பார்த்துக்கொண்டார்கள். மனைவிக்குச் சமையல். மற்றதெல்லாம் அவருக்கு. அறுபதை நெருங்கியவர், தலையில் சிவப்புத் துண்டு. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட யாரும் வர்லியாமா?" என்றார்.

"இல்லைங்க. நான் மட்டும்தான்."

அவர் முகம் சுருங்கியது. என் ஆதார் நகலை அவர் வாங்கிப் படித்ததும் என் நிலைமை இன்னும் மோசமாயிற்று. "அட, கொரட்டூரா! நான் நெமிலிச்சேரிமா. அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத்து ஓட்டிகினு இருந்தேன். கம்பெனிய மூட்டாங்க, இங்க வந்துட்டேன். நம்ம ஏரியா பொண்ணா நீ?" எந்த ஊரைவிட்டு ஓடிவந்தேனோ அந்த ஊரே தலையில் துண்டு கட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றது.

அன்று மாலை முழுவதும் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. வெந்நீர் வேணுமா, கொசுவத்தி வேணுமா, மெழுகுவத்தி வேணுமா. கடைசியாக ஒருமுறை தட்டிவிட்டு எதற்கு என்று அவருக்கே தெரியாமல், "சும்மாதான்மா," என்று போனார். இதற்கு நடுவே சாப்பாட்டுக் கேள்வி வேறு. ராத்திரிச் சப்பாத்தியை நான் பிய்க்கும்போதே, "காலைல இன்னா வேணும்?" என்று நின்றார். எனக்கு எரிச்சல் மண்டியது. வீட்டில் தினமும் எல்லோரிடமும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் நான். இங்கேயுமா?

காலையில் பொங்கல் வந்தது. ஒரு வாய்கூட வைக்கவில்லை, அதற்குள் அடுத்த கேள்வி.

"மத்தியானத்துக்கு இன்னாமா?"

"மத்தியானம் எனக்கு எதுவும் வேண்டாங்க," என்றேன். பையில் பிஸ்கட்டும் கொய்யாப்பழமும் இருந்தன. மாலைவரை பாறையைவிட்டு இறங்குவதாக இல்லை.

அவர் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு எழுந்து போனார். நான் கை கழுவிக்கொண்டு பையோடு வந்தபோது வேலிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"கரடி சுத்துதுமா. இன்னிக்கு மேல போவ வாணாம்."

"நேத்து இல்லாத கரடி இன்னைக்கு எங்கேருந்து வந்துது? கதவைத் திறங்க."

"தொறக்க மாட்டேன்."

கத்தினேன். காசு கொடுத்து வந்திருக்கிறேன் என்றேன், முதலாளியிடம் சொல்வேன் என்றேன். அவர் கதவுக்கு முன்னாலேயே குந்திவிட்டார். வேறு வழியில்லாமல் பலா மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கொரட்டூரில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி இப்படித்தான் நடப்பேன். இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று அழுகை அழுகையாக வந்தது.

கடைசியில் அவர் மனைவிதான் சமையற்கட்டிலிருந்து வந்து விஷயத்தை உடைத்தார். "கரடியும் இல்ல, ஒண்ணும் இல்லமா. போன வருசம் ஒரு பொண்ணு ஒன்னியாட்டமே தனியா வந்துச்சி. மத்தியானம் சோறு வாணாம்னு சொல்ட்டு மேல போச்சி. இந்தாளும் சரின்னு உட்டுட்டாரு. அது திரும்பி வர்ல."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உடம்பு கூசியது.

"எனக்கு அப்படி எதுவும் இல்லைங்க."

"அதுவும் அப்டிதான்மா சிரிச்சிகினே சொல்ச்சி," என்றார் கதவடியில் குந்தியிருந்தவர், தலையை நிமிர்த்தாமல்.

என்ன சொன்னால் இவர் நம்புவார் என்று நின்று யோசித்தேன். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "சாமைச் சோறும் முட்டைக் குழம்பும் வைங்க. புளி கம்மியா. முட்டையைக் கீறிப் போடுங்க, உடைச்சு ஊத்த வேண்டாம்," என்றேன்.

அவர் எழுந்து பூட்டைத் திறந்தார். "சூடா வெக்கச் சொல்றேன். ஆற உட்றாத."

ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே சிவப்புத் துண்டு தெரிந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. உச்சிக்கு வந்து நான் உட்கார்ந்ததும், அவர் கொஞ்சம் கீழே ஒரு கல்லில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவரால் கொடுக்க முடிந்த தனிமை அதுதான்.

சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருந்தால் என்ன என்று பாதை முழுக்க நினைத்துக்கொண்டுதான் ஏறியிருந்தேன். அதை அந்த மனிதர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார் என்ற கோபத்தில் அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியபோது, "கொழம்பு ஆறிடும்மா," என்று மட்டும் குரல் வந்தது. பகல் முழுக்க இருக்க வந்தவள், ஒரு முட்டைக் குழம்புக்காக இறங்கினேன். நன்றாக இருந்தது. இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அரக்கோணத்தில் லோக்கல் ரயில் மாறினேன். நெமிலிச்சேரியில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், அவர் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியாமலே. வண்டி கிளம்பியதும் போன் அதிர்ந்தது. கணவர்.

'எங்க வர? ராத்திரிக்கு என்ன?'

பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் எல்லாம் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தட்டினேன்: 'எனக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாம்.'

உடனே பதில் வந்தது. கட்டைவிரல் படம் ஒன்று. அதன் கீழே, 'சரி. அப்ப வந்து எங்களுக்கு மட்டும் தோசை ஊத்திடு.'

கொரட்டூர் வந்தது. இறங்கினேன்.