அக்கா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை

அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து 'நல்ல மனுஷி' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். போகும் முன் இதை வாசித்துவிடுங்கள். தன்னை நம்பிப் பேசியவர்களின் பெயர்களை அக்கா ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார் என்று உங்களில் பலர் பேசினீர்கள். சிதையருகில் நின்றுகொண்டே பேசியவர்களும் உண்டு. அது பொய். அந்தப் பெயர்கள் வெளியே போன வழி எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்று என் மகன் கெஞ்சினான். அவன் வேலையை நினைத்தால் எனக்கும் பயம்தான்.

அக்கா பிறந்தது கல்கத்தாவின் கார்டன் ரீச்சில், ரயில்வே குடியிருப்பில். அப்பா திருநெல்வேலியிலிருந்து எழுத்தராக வேலைக்கு வந்தவர். பள்ளியில் வங்காளம், கடைத்தெருவில் இந்தி என்றிருந்தாலும் எங்கள் இருவருக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில் அப்பா விடாப்பிடியாக இருந்தார். என் மகன் விஷயத்தில் நான் அப்படி இருக்கவில்லை. அவன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.

அக்கா உளவியல் படிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா கேட்டார்: "ஏட்டி, பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கப் போறியாக்கும்? பொறவு எந்தப் பய ஒன்னக் கெட்டுவான்?"

"பைத்தியத்துக்கு இல்ல சித்தப்பா. வேல பாக்குறவங்களுக்கு. எந்த வேல யாருக்கு ஒத்துப்போகும், ஏன் தப்பு நடக்குது, ஏன் மனுசன் ஒடஞ்சு போறான்னு பாக்குற படிப்பு."

"அதுக்குத்தான் மேஸ்திரி இருக்கானே!" என்று சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவருடைய இரங்கல் செய்தியும் இந்த மலரில் இருக்கிறது. 'குலத்தின் பெருமை' என்று எழுதியிருக்கிறார். இருக்கட்டும். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணங்களை அவரைத் தவிர மற்ற எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

அக்காவின் முதல் வேலை ஆற்றங்கரையில் ஒரு தனியார் சரக்கு முற்றத்தில். கிரேன் ஓட்டுநர்களின் கண்ணும் கையும் எவ்வளவு வேகமாக ஒத்துழைக்கின்றன, கவனம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று கருவிகளை வைத்துச் சோதிப்பார். அங்கே மதியத்துக்குப் பிறகு சரக்குப் பெட்டிகள் அடிக்கடி இடித்துக்கொண்டன. மேலாளர் அக்காவிடம் கேட்டது ஒரே கேள்விதான்: கவனமில்லாதவன் யார்? அக்கா கிரேன் மேல் ஏறி, ஓட்டுநரின் கூண்டில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார். மூன்று மணிக்கு மேல் ஆற்றில் பட்ட வெயில் கூண்டுக் கண்ணாடியில் திரும்பி அடித்து, கீழே இருக்கும் பெட்டியே தெரியவில்லை. கண்ணாடிக்குத் திரை போடுங்கள், இருக்கையைத் திருப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தார். "நான் ஆளைக் கேட்டால் நீங்கள் நாற்காலியைக் காட்டுகிறீர்களே" என்று மேலாளர் எரிந்து விழுந்தாராம்.

"எல்லாருக்கும் ஒரு பேர் வேணும்டி," என்பார் அக்கா. "பேர் கெடச்சுட்டா மிச்சத்த யோசிக்க வேண்டாம் பாரு."

இருபது வருடத்துக்கும் மேலாக அக்கா இப்படித்தான் வேலை செய்தார். பேருந்து ஓட்டுநர்கள், மில் தொழிலாளர்கள், மருத்துவமனைச் செவிலியர்கள் என்று பலரிடம் உட்கார்ந்து பேசினார். யார் என்ன சொன்னார்கள் என்று எங்களிடம்கூட மூச்சு விட்டதில்லை.

கடைசியாக வந்தது சால்ட் லேக், செக்டர் ஐந்தில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனி. பெயர் வேண்டாம், அவர்களுடைய வக்கீல் கடிதம் ஒன்று எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆட்கள் ஏன் சோர்ந்து போகிறார்கள், ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்ல அக்காவை அழைத்தார்கள். பேசுகிறவர்களின் பெயர் யாருக்கும் போகாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். என் மகன் அங்கே வேறு ஒரு பிரிவில் வேலை பார்ப்பதால், அவனிடமும் அவன் குழுவிடமும் பேசமாட்டேன் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் பேசினார்கள். இரண்டாம் முறையும் அவர்களைப் பார்க்க வேண்டியிருந்ததால் அக்கா பெயரோடு குறிப்பு எழுதினார். தமிழில் எழுதினார். "கல்கத்தா ஆபீஸ்ல தமிழ விடப் பெரிய பூட்டு ஏதுடி?" என்று என்னிடம் சொன்னார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தவறு அந்தப் பூட்டை நம்பியதுதான்.

நெஞ்சு வலி என்று அக்கா மருத்துவமனையில் சேர்ந்த வாரத்தில், அலுவலகத்தில் அவருக்குக் கொடுத்திருந்த அலமாரியைத் திறந்து நோட்டைப் படம் எடுத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மகன் அந்தப் படங்களை அச்செடுத்த தாள்களோடு சமையலறைக்கு வந்தான்.

"மா, இது பெரியம்மாவோட நோட்ஸ். மேனேஜர் இங்கிலீஷ்ல கேக்கறார். பெரியம்மாக்குத்தான் உடம்பு சரியில்லயே, நம்மளே பண்ணிக் குடுத்துடலாம். நீ படி, நான் டைப் பண்றேன்."

அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். நடுவில் ஒருமுறை நிறுத்தினேன்.

"டேய், இதுல பேரெல்லாம் இருக்கே. சொல்லலாமா?"

"ஆபீஸ் விஷயம் ஆபீஸுக்குத்தானே மா போகுது. படி."

படித்தேன். கடைசிப் பக்கம் வரை படித்தேன். அக்காவுக்கு உதவி செய்கிறேன் என்ற பெருமையோடு, நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

சில வாரங்களில் ஒன்பது பேரை வெளியே அனுப்பினார்கள். வேறு ஏதோ காரணம் சொன்னார்கள். ஆனால் கைக்குழந்தைக்காரியான ஒரு பெண்ணிடம், அவள் அக்காவிடம் மட்டுமே சொல்லியிருந்த ஒரு வாக்கியத்தை அதிகாரி அப்படியே திருப்பிச் சொன்னாராம். அந்த வாக்கியத்தை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை வாய்விட்டு வாசித்தது போதும்.

அந்தப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் ஜாதவ்பூரில் அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அவர்களும் அவரை அக்கா என்றுதான், 'தீதி' என்று, கூப்பிடுவார்கள்.

"தீதி, உங்ககிட்டதானே சொன்னோம்? சுவத்துக்கிட்டயா சொன்னோம்?" என்று அந்தப் பெண் வங்காள மொழியில் கத்தினாள். "சுவரா இருந்தா பேசாம இருந்திருக்கும்!"

அக்கா எழுந்து நின்றார். "என் நோட்டு. அங்கே விட்டுவிட்டு வந்தது நான். என் பொறுப்பு," என்றார். யார் கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த ஆபீஸுக்குத் தமிழ் படிச்சுச் சொன்னது யாருடி?"

நான் அழுதேன்.

"எத்தன பக்கம் படிச்ச?"

"எல்லாம்."

"அவன் தெரிஞ்சு செஞ்சானா?"

"தெரியாதுங்கறான்க்கா."

"நீ என்ன நெனைக்கிற?"

அதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று என் வாயில் வந்தது வேறு. "அவன் பேரச் சொல்லிராதக்கா. இப்பதான் வேல நிரந்தரமாயிருக்கு."

"நான் யாரு பேரத்தான் இதுவரைக்கும் சொல்லியிருக்கேன்?" என்றார் அக்கா.

ஆலோசகரின் அறிக்கைப்படியே ஆட்களைக் குறைத்தோம் என்று கம்பெனி எல்லோருக்கும் தெரிவித்தது. திருத்தச் சொல்லி அக்கா எழுதினார். வக்கீல்தான் பதில் எழுதினார். அதன் பின் வேறு எந்த இடத்திலிருந்தும் அவருக்கு அழைப்பு வரவில்லை. வேலை போன ஒன்பது பேருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். பூஜை விடுமுறையில் உறவினர் வீட்டு விருந்தில் ஒருவர், "மனசப் படிச்சவளுக்கு மனசாட்சி இல்லாமப் போச்சே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவர் இதை வாசித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவரைவிட நான் மோசம். எல்லாம் தெரிந்தும் தலையைக் குனிந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்பது பேருக்கு வேலை போன எட்டாவது மாதம், ஒரு காலையில், அக்காவின் இதயம் நின்றது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் அதிகம் இல்லை. கடைசி மாதங்களில் தினமும் கஞ்சி கொண்டு வந்த மாடி வீட்டு வங்காளி அம்மாவுக்கு நன்றி. பாடைக்குத் தோள் கொடுக்க ஆள் போதாமல் நின்றபோது தானாக முன்னே வந்த, ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டுநருக்கு நன்றி. சொந்தக்காரர்களான நீங்கள் அப்போது செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

இந்தக் கட்டுரையை மகனிடம் வாசித்துக் காட்டினேன். "மா, நீ எனக்கு அம்மாவா, அவங்களுக்குத் தங்கச்சியா?" என்று கேட்டான். ரெண்டும்தான் என்றேன். அதன் பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று கதவுக்கு வெளியே நின்று பார்க்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை வங்காள மொழியில் எழுதி, முதல் பிரதியை அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண்ணின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசலிலேயே நின்று முழுவதும் வாசித்தாள்.

"தீதி எங்ககிட்ட இதச் சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்ல விடாதது நான்."

தாளை மடித்தாள். "உங்க பையன் இன்னும் அங்கதான் வேல பாக்கறாரா?"

"ஆமாம்," என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் எட்டு வீடுகள் இருக்கின்றன.