கண்ணாடியில் ஏறிய பெரியவன்

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் முதல் நத்தையைக் கண்ட காலையில் நான் போட்ட சத்தத்துக்கு, அம்மா வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடி வந்தார்.

"எங்கையடா பாம்பு?"

நான் விரலை நீட்டினேன். மிளகளவு நத்தை ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தும்புத்தடியை யார் மீது பாவிப்பது என்று ஒரு கணம் யோசித்திருப்பார்.

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற இந்த வயதிலும் கரப்பானுக்கும் அரசாங்கக் கந்தோரில் இருந்து வருகிற கடிதத்துக்கும் நான் ஒரே மாதிரித்தான் அலறுகிறேன். ஆனால் அந்த நத்தைக்கு அலறியதற்குக் காரணம் இருந்தது.

அப்பா சங்கு குளிக்கிறவர். அரிப்புக் கடற்கரையில் இருந்து வள்ளத்தில் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கிச் சங்கு பொறுக்கி வருவார். ஒருநாள் அவர் கீழே நிற்கும்போதே சிலிண்டரில் காற்று முடிந்துபோனது. அன்று வள்ளத்தில் இருந்தவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. "அத்தான் வாணம் மாதிரி மேலை வந்து விழுந்தாரக்கா" என்று அவர் அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆழத்தில் நெடுநேரம் நின்றவர்கள் நின்று நின்று, மெல்ல மெல்லத்தான் மேலே வர வேண்டும். பறந்து வந்தால் உடம்பு முடங்கிவிடும். சங்கு குளிக்கிற வீடுகளில் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எட்டு வயதான எனக்குத் தெரிந்ததோ, கோயில் திருநாளுக்குக் கொளுத்துகிற வாணம் மட்டும்தான். "உங்கடை அப்பாமாரிலை ஆராவது வாணம் மாதிரிக் கடலுக்குள்ளை இருந்து வந்தவையோ?" என்று கேட்டு வகுப்பு முழுவதையும் வாயடைக்க வைத்தேன்.

அப்பாவின் கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்து முன் அறைக் கட்டிலில் கிடத்தியபோது, அவர் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டதற்கு ஓம் அல்லது இல்லை. பிறகு அதுவும் நின்றுபோனது. பங்குச் சுவாமி வந்து செபம் சொன்ன நேரத்திலும் அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் சில போன பிறகு சின்ன மாமா ஒரு கண்ணாடித் தொட்டியும் மூன்று சிவப்பு மீன்களும் கொண்டு வந்தார். கட்டிலுக்கு நேரே மேசையில் வைத்து, தண்ணீர் நிரப்பி, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். மறுநாள் விடிந்தபோது அப்பா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அடுப்படியில் அம்மா ஏன் அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. மீன்கள் இருக்கும்வரை அப்பா இந்தப் பக்கம் பார்ப்பார். மீன்கள் செத்தால் மறுபடியும் சுவர்தான்.

அந்தத் தொட்டிக்குள் நத்தையைக் கூட்டி வந்தவனும் நான்தான். மாமாவோடு கட்டுக்கரைக் குளத்துக்குப் போனபோது, மீன்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு பை நிறையத் தண்ணீர்ச் செடி பிடுங்கி வந்து போட்டிருந்தேன். இலைகளுக்கு அடியில் முட்டை ஒட்டியிருக்கும் என்று எவரும் சொல்லித்தரவில்லை. வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் முன்பே வேறொன்று சொல்லித்தந்திருந்தான். "நத்தை ராவிலை மீன்ரை கண்ணைத் திண்டுபோடும்." அவன் வீட்டில் மீனும் இல்லை, தொட்டியும் இல்லை. ஆனாலும் சொன்ன விதத்தில் டொக்டர்மாரின் நிதானம் இருந்தது.

ஒன்று ஏழானது. ஏழு, எண்ணிக்கைக்கு அடங்காமல் போனது. அந்தோனியார் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவரிடம், இருப்பதைத் தொலைத்துத் தாரும் என்று மன்றாடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தன் தொழிலுக்கு நேர் எதிரான வேலையைக் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? அடுத்ததாகக் கோயில் தீர்த்தத்தில் மூன்று துளி விட்டுப் பார்த்தேன். நத்தைகள் முன்னைவிடத் தெம்பாக நடந்தன.

கடைசியில் கரண்டியை எடுத்தேன். அப்பா கண் விழிக்க முன் எழும்பி, எட்டியவற்றை எல்லாம் அள்ளிப் பால்மாத் தகர ரின்னில் போட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பேன். மிச்சத்தைக் கோழிகள் பார்த்துக்கொண்டன. எல்லாவற்றிலும் பெரிய நத்தை ஒன்று செடிக்குள் ஒளித்து ஒளித்து நாலு நாள் தப்பியது. ஐந்தாம் நாள் அதுவும் அகப்பட்டது. வென்ற களிப்பில் கரண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, பெரியவன் எங்கை?"

அப்பாவின் குரல். அதைக் கேட்டு எத்தனை மாதம்! கரண்டி கை தவறி விழுந்தது.

"எந்தப் பெரியவன், அப்பா?"

"கண்ணாடியிலை ஏறுறவன்."

ஒரு நல்ல பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "அது மீன்ரை கண்ணைத் திண்டுபோடும், அப்பா. பிறகு நீங்கள் சுவரைத்தான் பாப்பீங்கள்."

அப்பா முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"திண்ணாது. போய் எடுத்துக்கொண்டு வா."

ஓடினேன். சேவல் எனக்கு முன்னரே ரின்னைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தது. அதனோடு நடந்த போரில் என் புறங்கையில் இரண்டு கொத்து விழுந்தது. பெரியவன் ரின்னின் விளிம்புக்குக் கீழே ஓட்டுக்குள் அடங்கிக் கிடந்தான். ஓடி வந்து தண்ணீரில் விட்டேன். கல்லுப்போல அடியில் போய்க் கிடந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். அப்பா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து ஓட்டின் மூடி திறந்தது. பெரியவன் கண்ணாடியைப் பிடித்து ஏறத் தொடங்கினான். கொஞ்சம் ஏறுவான், நிற்பான். மறுபடி கொஞ்சம் ஏறி, மறுபடி நிற்பான். மேற்பரப்புக்கு வந்ததும் சிறிய குழாய் ஒன்றை நீட்டிக் காற்றை எடுத்தான்.

"மூச்செடுக்கத்தான் வாறான்" என்றார் அப்பா. "மூச்சு முட்டினாலும் நிண்டு நிண்டுதான் வாறான், பாத்தியே. அந்தரப்பட்டுப் பறந்து வரேல்லை."

நத்தையை அவர் புகழ்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. படுக்கையில் கிடப்பதால் மனம் விட்டுப்போய், ஒரு நத்தையைக்கூடப் பெரிதாக நினைக்கிறார் என்று பட்டது. அவர் யார் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த விரும்பினேன்.

"இது சரியான மந்தம், அப்பா. நீங்கள் வாணம் மாதிரி வந்தனீங்கள்."

அடுப்படியில் தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் தலையில் வைத்தார். சங்கு பொறுக்கிக் காய்த்துப்போன கை. அதை அவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடத்துக்குத் துள்ளிக்கொண்டு போனேன். மாமாவாலும் சுவாமியாலும் அந்தோனியாராலும் முடியாததை நான் ஒரே வசனத்தில் செய்து முடித்து, அப்பாவைத் தேற்றிவிட்டேன் என்ற பெருமையில்.