டிக் சத்தம் நின்ற காலை

டிரான்சிஸ்டர் ரேடியோ வாயை மூடினால் என் உயிரும் மூடிவிடும் என்று நம்பிய மடையன் நான்.

நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்த டாக்டர்தான் சொல்லியிருந்தார், ஸ்டேஷன் இல்லாத இடத்துக்கு ரேடியோவைத் திருப்பி மார்போடு பிடித்தால் கருவி தட்டுவது 'டிக் டிக்' என்று கேட்கும் என்று. நாங்கள் குடிவந்த வெளிநாட்டு ஊரான நோபல் பார்க்கில் அதுவே என் காலைப் பூசை. போன குளிர்காலத்தில் ஒருநாள் வெறும் இரைச்சல்தான் வந்தது. இந்த ஊரில் என் மனைவிக்கு என்னை விட்டால் ஆளில்லை. ஊருக்கு யார் தந்தி அடிப்பது?

"இஞ்சேரும், மெஷின் நிண்டுபோச்சு! பெட்டிக்குள்ள போட என்ர நீலக் கோட்டை எடும்!"

"செத்த ஆள் கோட்டுக் கேட்டுக் கத்துமே? ஏறுங்கோ காரில!" என்றாள் அழுதுகொண்டே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மார்பில் காந்தத்தை வைத்ததும் ரேடியோவில் டிக் டிக் கேட்டது. இப்போதெல்லாம் நாடியைப் பிடித்துப் பார்த்த பிறகே ரேடியோவைத் தொடுகிறேன்.

காந்தம் வைத்தால் எப்போதும் தட்டும்; மற்ற நேரத்தில் தனக்குக் குறித்த வேகத்துக்குக் கீழே இதயம் இறங்கினால்தான் அந்தக் கருவி தட்டும். அன்று என் இதயம் தானாகவே ஒழுங்காக அடித்தது. நான் பயப்பட, இன்னும் வேகமாக அடித்தது.