ஆறாம் சேனல்

செனாவாங்ல என் வீட்டுப் பின்னறைதான் என் ஸ்டூடியோ. அதுல பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு ஒரு பழைய மிக்ஸர். பார்க்கிறவங்க எல்லாரும், "அம்மாடி, இத்தனை பொத்தானா!" என்பாங்க. பயப்பட ஒண்ணுமில்ல லா. ஒரே வரிசையைத்தான் திரும்பத் திரும்ப வச்சிருக்காங்க. ஒரு மைக்குக்கு ஒரு வரிசை, அதுக்குப் பேர் சேனல். மேலே இருக்கிற திருகு, வர்ற குரலை எவ்வளவு உள்ளே வாங்கணும்னு பார்த்துக்கும். நடுவுல இருக்கிறதெல்லாம் கனத்தையும் கூர்மையையும் சரிபண்ண. கீழே, மேலும் கீழும் தள்ளுற ஃபேடர். யார் குரல் முன்னால நிக்கணும், யாருது பின்னால போகணும்னு அதுதான் முடிவு பண்ணும். முடிவு பண்றது நான், பழியை எதுக்கு அது மேல போடணும்?

நாலு வருஷத்துக்கு முந்தி, ரந்தாவ் பக்கத்து எஸ்டேட் கோயில்ல வெள்ளிக்கிழமை பஜனை பாடுற ஆறு பொம்பளைங்க, திருவிழாவுக்கு ஒரு பாட்டுப் பதிவு பண்ண வந்தாங்க. ஆறு பேருக்கு ஆறு மைக். ஆறாவது ஆள் என் அக்கா. ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிச்சு, யூனிஃபார்மோட மோட்டார் சைக்கிள்ல நேரா வந்துட்டா. தொண்டை கட்டியிருந்துச்சு. ஒவ்வொரு வரியிலயும் அரைத் தாளம் பிந்தினா. 'இன்னொரு தடவை பாடுக்கா'ன்னு சொல்லியிருக்கலாம். மத்தவங்க முன்னால சொந்த அக்காவை எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். எல்லாரும் போனப்புறம் ஆறாம் ஃபேடரை அடி வரைக்கும் இழுத்துட்டேன். பாட்டு சுத்தமாச்சு.

திருவிழா அன்னைக்கு அக்கா புதுச் சேலை கட்டிக்கிட்டு, கோயில் ஸ்பீக்கர் பக்கத்துலயே போய் நின்னா. ரெண்டு தடவை முழுசாக் கேட்டா. அப்புறம் என்கிட்ட வந்தா.

"தம்பி, என் குரல் எங்கடா?"

"சேர்ந்து பாடுனா அப்படித்தான் லா. பிரிச்சுக் கேக்க முடியாது."

வாய் கூசாம சொன்னேன் பாருங்க! பிரிச்சுக் கேக்கறதுதானே என் பொழப்பே. அக்கா அடுத்த வெள்ளியிலேருந்து பஜனைக்குப் போறதை நிறுத்திட்டா.

போன வருஷம் அக்காவுக்குத் தொண்டையில ஆபரேஷன். உயிர் மிஞ்சுச்சு, குரல் போயிடுச்சு. இப்போ எல்லாம் கைஜாடைதான், இல்லாட்டி போன்ல எழுதிக் காட்டுவா. "சாப்டியாடா?"ன்னு அவ கத்துறதை ஒரே ஒரு தடவை கேக்க மாட்டோமான்னு எனக்கு இருக்கிற ஏக்கம் சொல்லி மாளாது.

ஃபேடரை இறக்கினா, கேக்கறதுதான் குறையும். பதிவான குரல் அப்படியே அதோட தடத்துல இருக்கும். இது எனக்குத் தெரியும். திறக்கத்தான் தைரியம் வரல.

போன ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூட்டிட்டு வந்து மிக்ஸர் முன்னால உட்கார வச்சேன். "அக்கா, அன்னைக்கு உன் குரலை இறக்கினது நான்தான்"னேன். மத்த அஞ்சையும் அடைச்சுட்டு ஆறாவதை மேலே தள்ளினேன். கரகரன்னு, அரைத் தாளம் பிந்தி, அக்கா பாடினா. நான் பொலபொலன்னு அழுதுட்டேன். அவ அழல. என் தலையில நறுக்குன்னு ஒரு குட்டு வச்சா.

அப்புறம் மத்த அஞ்சு சேனலையும் காட்டி, திறன்னு ஜாடை பண்ணினா. திறந்தேன். அக்கா குரல்தான் எல்லாரையும் அமுக்கிக்கிட்டு நின்னுச்சு. அவ ஆறாம் ஃபேடர்ல விரலை வச்சுக் கீழே இழுத்தா. ஐயோ, வேண்டாம்க்கான்னு பதறிக் கையைப் பிடிச்சேன். தட்டி விட்டுட்டா. மத்தவங்க குரலோட சமமா வந்த இடத்துல விரல் நின்னுச்சு.

போனை எடுத்து எழுதிக் காட்டினா: 'அன்னைக்கும் இவ்வளவுதானேடா கேட்டேன்.'