மாடி அறை என்று காட்டியது

ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண்ணைத் திருட்டு எண்ணம் உள்ளவள் என்று சொல்லி வீட்டை விட்டு அனுப்பினேன். இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாத இடவப்பாதி மழை பிடித்த நாட்களில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கிராமத்தில் நடந்தது இது. நான் முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் எடுத்தவன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அதற்கு முந்தைய வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் அசையாது. பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "ஆ", "இல்ல" என்ற இரண்டு சொல்தான் வரும்; சில நேரம் ஒன்றுக்கு ஒன்று மாறியும் வரும். அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சி மூலம் வெள்ளறடையிலிருந்து ஒரு ஹோம் நர்ஸ் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைச் சார் என்றும் மனைவியை அம்மச்சி என்றும் கூப்பிடுவாள். அவள் கையால் கொடுத்தால்தான் என் மனைவி கஞ்சி குடிப்பாள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அம்மாவைத் தினமும் வீடியோவில் பார்க்க வேண்டும். எங்கள் வீடு என் அப்பா கட்டியது. கனத்த வெட்டுக்கல் சுவர், மேலே பலகைத் தட்டு, அதன்மேல் பிற்பாடு எடுத்த ஒரு மாடி அறை. முன்னறையில் இருந்த ரூட்டரின் சிக்னல் மனைவியின் அறை வரை போய்ச் சேராது. வேறு நல்லதாக வாங்கலாம் என்று நெய்யாற்றின்கரையில் ஒரு கடைக்குப் போனேன்.

"சாரே, வெட்டுக்கல்லு வீட்டுல எத்தனை பெரிய ரூட்டர் வச்சாலும் முன்னறையிலதான் நிக்கும்" என்றார் கடைக்காரர். "மெஷ்னு ஒண்ணு உண்டு. மூணு பெட்டி. நீங்க நடக்க நடக்க உங்க போனை ஒரு பெட்டி மற்ற பெட்டிக்குக் கைமாத்தி விடும்."

ஒன்று விற்க வேண்டிய இடத்தில் மூன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வீட்டின் படத்தை வரைந்து காட்டச் சொன்னார். முன்னறைக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று குறித்தார். ஆள் இல்லாத மாடி அறைக்கு எதற்கு என்று கேட்டேன். ஏதோ விளக்கினார். வியாபாரப் பேச்சுதானே என்று நான் காது கொடுக்கவில்லை. மகன் போனில் வற்புறுத்தியதால் மூன்றையும் வாங்கினேன்.

அதோடு ஒரு ஆப்பும் வந்தது. எந்த போன் எந்தப் பெட்டியோடு இணைந்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம். பெட்டிகளுக்கு முன்னறை, அடுக்களை, மாடி அறை என்று நானே பெயர் வைத்தேன். அந்தப் பெண்ணின் போனையும் அதில் இணைத்துக் கொடுத்தேன். முதல் வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. அப்படி ஒருநாள் காலை பதினொரு மணிக்குப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் போன் மாடி அறையில் இருப்பதாகக் காட்டியது.

மாடியில் என் மனைவியின் நகை வைத்திருக்கும் அலமாரி இருக்கிறது. படி அடுக்களைக்கு வெளியே. யார் ஏறினாலும் முன்னறையில் இருப்பவனுக்குத் தெரியாது. முட்டுவலிக்காரன் என்பதால் நான் மேலே போவதே அபூர்வம்.

மறுநாளும் அதே நேரம், அதே மாடி அறை. பழைய பாடக்குறிப்பு நோட்டு ஒன்றை எடுத்து நேரம் எழுதத் தொடங்கினேன். ஒன்பது நாளில் ஏழு நாள். அந்த நேரத்தில் மனைவியின் அறைக் கதவு சாத்தியிருக்கும். ஒருநாள் போய்த் தட்டினேன். அவளே கதவைத் திறந்தாள், கையில் ஒரு துவர்த்துத் துண்டுடன். மேலே இருந்தவள் அதற்குள் இறங்கிவிட்டாள், நல்ல வேகக்காரி என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு நாள், "மாடியில ஆரு உண்டு சாரே?" என்று கேட்டாள். நோட்டம் பார்க்கிறாள் என்று அதையும் குறித்து வைத்தேன்.

அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறி அலமாரியைத் திறந்து பார்த்தேன். எல்லா நகையும் இருந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். இன்னும் எடுக்கவில்லை, நேரம் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது.

எங்கள் சபையில் புதன்கிழமை தோறும் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். முடிவில் ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்பார்கள். அந்தப் புதன் நான் எழுந்து, வீட்டில் நிற்கிற பெண்ணின் நோக்கம் சரியில்லை, என் மனைவியின் பொருளுக்குக் காவல் வேண்டும், ஜெபியுங்கள் என்றேன். புறம் பேசுவதை எங்கள் ஊரில் இப்படியும் செய்யலாம். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மனைவியின் கட்டிலருகில் வைத்தே அவளைக் கேட்டேன்.

"நான் மாடி ஏறினதே இல்ல சாரே" என்றாள். என் போனை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "இது என்னவாக்கும்? அந்த நேரம் நான் அம்மச்சிக்க கூடல்லா இருப்பேன். அம்மச்சியிட்ட கேளுங்க."

என் மனைவி இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி அடித்து "இல்ல, இல்ல" என்றாள். நோயின் பதற்றம், என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அழவில்லை. பையைக் கட்டினாள். வாசலில் வந்து அதை மறுபடியும் திறந்து தரையில் வைத்தாள். "நோக்கிக்கிடுங்க சாரே. பொறவு சொல்லப்பிடாது" என்றாள். இரண்டு நைட்டி, ஒரு சேலை, வேதப்புத்தகம், தைலக்குப்பி. நான் குனிந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். உள்ளே நோக்கி, "அம்மச்சி, போயிட்டு வாறேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. அன்றே ஏஜென்சிக்குப் போன் செய்து, அவளை நம்பி எந்த வீட்டிலும் விடாதீர்கள் என்றேன்.

வேறு ஆள் கிடைக்கவில்லை. நானே கஞ்சி கொடுத்தேன். என் மனைவி பாதிக்கு மேல் குடிக்கமாட்டாள். மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் கட்டிலருகில் உட்கார்ந்து மகனின் முகத்தை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். படம் நின்று நின்று வந்தது. என்ன கோளாறு என்று ஆப்பைத் திறந்தேன். என் போன் மாடி அறை என்று காட்டியது.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். அங்கேயும் கொஞ்ச நேரம் மாடி அறை என்றே காட்டிவிட்டுப் பிறகு மாறியது. திரும்பக் கட்டிலருகில் வந்தேன். மாடி அறை. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் நினைவில் எழுந்தது. மேலே வைக்கிற பெட்டி பலகைத் தட்டு வழியாக நேர் கீழே இருக்கும் மனைவியின் அறைக்கு நன்றாக இறங்கும், அதற்காகத்தான் அது என்று சொல்லியிருந்தார். மரத்தை அலை எளிதில் கடக்கும், கனத்த கல்லில் தேங்கும். ஒரு போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்காமல் முடிவு எழுதாதே என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன்!

"அவ உன்கூடத்தான் இருந்தாளா?" என்று மனைவியிடம் கேட்டேன். "ஆ" என்றாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே இரண்டு பஸ் மாறி வெள்ளறடை போனேன். ரப்பர் ஷீட் உலரப்போட்ட முற்றத்தில் அவள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. தப்பு என்னுடையது என்றேன்.

"இப்ப எப்படி சாருக்கு மனசிலாச்சு?"

என் போனையும் மாடி என்று காட்டியதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ இதும் அந்த ஆப்பு பறஞ்சதுதான். நான் சொன்னேன், நம்பல்ல. அம்மச்சி கட்டில்ல அடிச்சு அடிச்சு சொன்னாவ, நம்பல்ல. அது மாத்திப் பறஞ்சதும் பஸ் ஏறி வந்தாச்சு."

கையில் இருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பதினொரு மணிக்கு என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். பேச்சு வருவதற்கான வாய்ப் பயிற்சியை ஆஸ்பத்திரியில் வீடியோவாக அனுப்பியிருக்கிறார்கள். போனை எதிரில் வைத்துக்கொண்டு இருவரும் பழகியிருக்கிறார்கள். உதட்டோரம் எச்சில் வழிவதை நான் பார்க்கக் கூடாது என்று என் மனைவிதான் கதவைக் காட்டிக் காட்டிச் சாத்தச் சொன்னாளாம். மாடியைப் பற்றிக் கேட்டது, பலகைமேல் மரநாய் ஓடிக் கட்டிலில் தூசி விழுந்ததால்.

திரும்ப வருவாயா என்று கேட்டேன்.

"வரமாட்டேன் சாரே. ஏஜென்சியில என்னைக் கூப்பிடுததில்ல. வேற வீட்டுலயும் சேக்க மாட்டாவ. நீங்க வச்ச ஜெபம் இங்க வெள்ளறடை வரைக்கும் வந்தாச்சு. வச்ச இடத்துல போய் மாத்தி வையுங்க. அது போதும்."

ஏஜென்சிக்கு நேரில் போய் என் குற்றத்தை எழுதிக் கொடுத்தேன். அடுத்த புதன், ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்து, நான் சொன்னது பொய், அந்தப் பெண் நிரபராதி, ஆப்பைப் படிக்கத் தெரியாமல் அவள் பெயரைக் கெடுத்தேன் என்றேன். "போட்டும் சாரே, பழைய காரியமல்லா" என்றார் ஒருவர். "எதுக்கும் நாம சூட்சிச்சு, கவனமா இருக்கணும்" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். பழியை எல்லோரும் உடனே நம்பியிருந்தார்கள். திருத்தத்தை நம்ப அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை. அடுத்த மூன்று புதன்களும் எழுந்து அதையே சொன்னேன். நான்காவது வாரம் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, பூவாரில் தன் அக்கா வீட்டுக்கு அவள் வருவாளா என்று விசாரித்தார். இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள்.

ஞாயிறு மாலை அவள் என் மனைவியை வீடியோவில் கூப்பிடுகிறாள். என்னிடம், "சாரே, அம்மச்சியிட்ட குடுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு நான் வெளியே வந்து, கதவை நானே சாத்துகிறேன். உள்ளே "பா", "மா" என்று பழகும் சத்தம் கேட்கும். சாத்திய கதவைப் பார்த்தால் மனதில் பழைய சந்தேகம் இன்னும் தலை தூக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் என் வாசலில் திறந்து வைத்த அவளுடைய பையையும், அதன்மேல் குனிந்து நின்ற என்னையும் நினைத்துக்கொள்கிறேன்.