இடது பக்கத்துப் பெடல்

எஸ்தர் செத்துப்போன சேதி எனக்கு டீக்கடையில் வந்தது. ஷூ கம்பெனி மெக்கானிக் பாபு வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "மாமா, எஸ்தர் அக்கா போய்ட்டாங்க. மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம்" என்றான். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். நான் போவதற்குள் அவள் தெருமுனையில் கம்பெனிக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டிருந்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். பேனரில் எஸ்தர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழப்போனவனுக்கு அழுகை நின்றுவிட்டது. அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஏன் என்று அவளோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தொழிலாளர் சங்கத்துத் தம்பி நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறான்.

ஆம்பூரில் அந்தக் கம்பெனி கேட்டுக்கு அப்போது நான்தான் வாட்ச்மேன். அவள் வேலை கேட்டு வந்த காலை நேரம் கண்ணிலேயே நிற்கிறது. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போன பெண். கையில் ஊன்றுகோல்.

"இன்னா பொண்ணே, யாரைப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வரல நைனா. தைக்க வந்திருக்கேன்."

"இங்க மாடிப்படி ஜாஸ்தி."

"தைக்கறவங்க படியேறிக்கினேவா தைக்கறாங்க?"

சிரித்துவிட்டேன். கேட்டைத் திறந்தேன்.

மாற்றுத்திறனாளியை வேலைக்கு வைத்தால், கம்பெனி கட்டவேண்டிய பி.எஃப். பங்கைச் சில வருஷத்துக்கு அரசாங்கமே கட்டும் என்று திட்டம் இருந்தது. அதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். மிஷினில் உட்காரவைக்கவில்லை. மூலையில், நூல் பிசிறு வெட்டும் மேஜையில் போட்டார்கள். அந்த மிஷின்களுக்குப் பெடல் வலது காலுக்கு வாகாக இருக்கும். அதை இடது பக்கம் தள்ளி வைத்தால் அவள் தைப்பாள். பாபுவை அவள் கேட்டதற்கு, மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றான். மேனேஜரைக் கேட்டதற்கு, ஒருத்திக்காக மிஷினை மாற்ற முடியாது என்றார். மரியாதையாக இருக்கட்டும் என்று ஊனமுற்றவர் என்ற பேரை மாற்றுத்திறனாளி என்று மாற்றினார்கள். பெடலை மாற்ற ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை.

திங்கட்கிழமை மனு நாளில் வேலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். கொஞ்ச நாள் கழித்து மேடையில் கூப்பிட்டு ஒரு தையல் மிஷின் கொடுத்தார்கள். ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கிற மிஷின். அதில் ஷூ தோல் வைத்தால் ஊசி உடையும். கீழே இறங்கி, மிஷின் கொடுத்த அதிகாரியிடம், "சார், எனக்கு வேலை இருக்குது. பெடலை மாத்தச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்" என்று கேட்டிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "திட்டத்துல மிஷின்தாம்மா இருக்குது. பெடல் இல்ல."

இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மிஷின் அவள் வீட்டில் துணி மூடிக் கிடந்தது. மேலே சாமி படம் வைத்திருந்தாள். "இயேசுவுக்கு நல்ல எடம் கெடைச்சிடுச்சு நைனா" என்பாள்.

அப்புறம்தான் ஒரு விருதுப் பேச்சு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு நன்றாக வேலை கொடுக்கிற கம்பெனி என்று விருதாம். கொடுப்பதற்கு முன்னால் அதிகாரிகள் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கிவந்து எஸ்தரை உட்காரச் சொன்னார்கள்.

"நான்தான் நடக்கறேனே சார், இது எதுக்கு?"

"கோல் வெச்சிருந்தா போட்டோல ஊனம் எடுப்பா தெரியாதும்மா. சும்மா உக்காரு."

பூச்செண்டுத் தட்டோடு நான் பக்கத்தில் நின்றேன். பார்வையிட வந்த அதிகாரி குனிந்து செண்டு கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள். அதே போட்டோதான் பேனரில் இருந்தது. போட்டோ எடுத்து முடித்ததும் எஸ்தர் செண்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கோலை ஊன்றி நடந்துபோய், காலியாக இருந்த ஒரு மிஷினில் உட்கார்ந்தாள்.

வந்தவர்கள் கைதட்டினார்கள். அதிகாரி மேனேஜரைப் பார்த்து, "இங்க வந்தப்புறம்தான் நடக்கக் கத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார். மேனேஜர் கூசாமல் தலையாட்டினார்.

"சின்ன வயசுலருந்து நடக்கறேன் சார்," என்றாள் எஸ்தர். "நடக்கறதுக்குக் கால் இருக்குது. தைக்கறதுக்குப் பெடல்தான் இல்ல. இப்படி இடது பக்கமா வெக்கச் சொல்லுங்க."

கேமரா இருந்ததால் அதிகாரிக்கு வேறு வழியில்லை, செய்துகொடுங்கள் என்றார். பாபு சொன்னபடியே மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது, "நைனா, தைச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அரசாங்கம் பி.எஃப். கட்டுகிற காலம் முடிந்ததும், அதே திட்டத்தில் அவளோடு சேர்ந்த மற்ற மாற்றுத்திறனாளிகளைக் கம்பெனி ஒவ்வொருவராக வெளியே அனுப்பியது. காது கேளாத பையன்களிடம் சைகையிலேயே, கூப்பிடும்போது வா என்றார்கள். யாரையும் கூப்பிடவில்லை. எஸ்தரையும் வீட்டிலிருக்கச் சொன்னார்கள். மறுநாள் எப்போதும்போல வந்து மிஷினில் உட்கார்ந்தாள். "போட்டோல நான் இருக்கேன்ல, அப்ப வேலையிலும் இருப்பேன்" என்றாள். எழுப்பத் தைரியம் வரவில்லை அவர்களுக்கு. வேலை கொடுத்தோம் என்று படம் பிடிக்க வந்த ஜீப், அவர்களெல்லாம் வேலையில் இருக்கிறார்களா என்று பார்க்க ஒரு தடவைகூட வரவில்லை. கேட்டைத் திறந்துவிட்டவன் நான், எனக்குத் தெரியாதா?

அடக்கம் முடிந்து திரும்பும்போது பேனரை அவிழ்க்கப் போனேன். கம்பெனி ஆபீசர் ஓடிவந்தார்.

"பெரியவரே, எங்ககிட்ட இருந்த நல்ல போட்டோ அதுதான்."

"அவ எழுந்து நின்னாளே சார், அப்ப உங்க கேமரா எங்க போச்சு?"

நானே அவிழ்த்தேன்.

போன வாரம் பாபு வந்தான். "மாமா, அக்கா மிஷின்ல பெடலைப் பழையபடி வலது பக்கமே மாத்தச் சொல்லிட்டாங்க. மாத்திட்டேன்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவனை என்ன சொல்வது, அவனும் சம்பளக்காரன்.

சங்கத்து ஆட்களே, அவளுக்கு அஞ்சலிக் கூட்டம் போடுங்கள், மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னோடு அந்தக் கேட்டுக்கு வாருங்கள். இன்னொரு பெண் கோலை ஊன்றிக்கொண்டு வருவாள், அதற்குள் அந்தப் பெடல் இடது பக்கம் போகவேண்டும். படிக்காத எனக்கு அவள் விட்டுப்போனது அந்த ஒரு வார்த்தைதான். இடது பக்கம். நான் சாகிறவரைக்கும் அந்தக் கேட்டில் நின்று அதைச் சொல்வேன்.