பல் டாக்டரின் மண்மேடு

எங்கள் மலைச் சரிவில் சைக்கிள் ஓட்டுவதற்கான பாதையை ஞாயிறுதோறும் கூலியில்லாமல் வெட்டிச் சீர்செய்கிறோம். எங்களுக்குத் தலைவர் பல் டாக்டர். யாரும் ஆக்கவில்லை, அவரே ஆகிக்கொண்டார். போட்டோ எடுக்கும்போது மட்டும் மண்வெட்டியைத் தொடுவார். மற்ற நேரமெல்லாம் வாய்தான் வேலை செய்யும்.

பாதையின் நடுவே ஆளுயர மண்மேடு ஒன்றை எழுப்பச் சொன்னார். "இதுல ஏறிப் பறக்கத் துப்பில்லாதவன் வீட்ல உக்காந்து டிவி பாக்கட்டும்" என்றார். முதுகு ஒடிய எழுப்பினோம். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால், மேட்டைச் சுற்றிக்கொண்டு புதருக்குள் புதிதாய் ஒரு தடம். எவனோ பயந்தாங்கொள்ளி வெட்டியிருக்கிறான் என்று டாக்டர் வானத்துக்கும் பூமிக்குமாய்க் குதித்தார். அவர் கிளம்பியதும் அந்தத் தடத்தை மரக்கட்டைகளைப் போட்டு அடைத்தோம்.

திறப்பு நாளன்று, கூடியிருந்தவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு முதல் ஆளாய் இறங்கினார். மேட்டை நெருங்கியதும் சைக்கிளை நேராகப் புதர்ப்பக்கம் திருப்பினார். கட்டைகளைக் கண்டு விக்கித்து நின்றவர், இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கீழே நின்ற அவர் மனைவி பதறிப்போய்க் கேட்டார்: "ஏங்க, லீவு போட்டு இடுப்பு ஒடிய வெட்டுனீங்களே, அந்தப் பாதையை யாருங்க அடைச்சது?"